சமவுரிமையும் தேர்தலும்: ஓன் ஜாபார் தோல்வி குறித்து ஒரு மறுவாசிப்பு

1946 மே 11இல் ஜோகூர் பாருவில் மலாய்க்காரர் கட்சியான அம்னோ உருவானது. அதன் முதல் தலைவரான டத்தோ ஓன் ஜாபார், அனைத்து இனத்தவரையும் உறுப்பினராக்கும் முயற்சிக்கு ஆதரவு கிடைக்காமல் 1951இல் வெளியேறி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். 1955 பொதுத்தேர்தலில் தாம் பிறந்த ஜோகூர் பாருவிலேயே தோற்றார். ‘காலத்தை முந்திய தலைவர், மக்கள் பக்குவப்படவில்லை’ என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது அரைகுறை விளக்கம் என்பது இக்கட்டுரையின் வாதம். ஓன் சமவுரிமையில் முந்தினார். மக்களாட்சிச் சீர்திருத்தத்தில் பிந்தினார்.

அவருடைய சமவுரிமை நிலைப்பாடு வெறும் மேடைப் பேச்சன்று. 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமையைக் குறுக்கி வைத்திருந்தது. தோட்டத் தமிழர் பலர் அதற்கு வெளியே நின்றனர். யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்த துரைசிங்கம் தலைமையேற்ற சமூகத் தொடர்புக் குழுவில் அமர்ந்து, குடியுரிமையைத் தளர்த்த ஓன் இணங்கினார். அம்னோவையும் அதற்கு இணங்க வைத்தார். கட்சியின் கதவைத் திறக்கத்தான் அவரால் இயலவில்லை. புதிய கட்சிக்கு மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) துணை நின்றதில் வியப்பில்லை.

ஆனால், அதே ஓன் காலனி அரசின் உள்துறைப் பொறுப்பையும் வகித்தார். அவர் கட்சி விடுதலைக்குப் பத்தாண்டுத் தவணை கேட்டது. எதிரணி வேறு வழியில் போனது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9ஐ வென்றன. ஓனின் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. 1954இல் ம.இ.கா.வும் அந்தக் கூட்டணிக்கு மாறியது. அவ்வாண்டே, சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் தொகை போதாதென்று கூட்டணியினர் அரசுப் பதவிகளைத் துறந்து புறக்கணிப்பில் இறங்கினர். ஓனோ பார்ட்டி நெகாரா என்னும் புதிய கட்சி கண்டு, மலாய் வாக்குகளை நோக்கித் திரும்பினார். சமவுரிமைக் கொள்கையும் கைநழுவியது.

வாக்காளர் பட்டியலே அவரைத் தோற்கடித்தது என்று மறுப்போர் உண்டு. 1955இல் பதிவான ஏறத்தாழ 12.8 இலட்சம் வாக்காளரில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். மக்கள்தொகையில் அவர்கள் பாதியளவே. ஆயினும், கூட்டணி 52 தொகுதிகளில் 15 சீனரையும் 2 இந்தியரையும் நிறுத்தியது. அந்தப் பதினேழு பேரும் வென்றனர். கூட்டணி இழந்தது ஓரிடம் மட்டுமே. வேற்றினத்தவர் என்பதற்காக மலாய் வாக்காளர் யாரையும் ஒதுக்கிவிடவில்லை. விடுதலையை விரைவில் பெற்றுத் தருபவர் யார் என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி.

இத்தீர்ப்புக்கு விலையும் இருந்தது. 1957ஆம் ஆண்டு அரசமைப்பு, விடுதலைக்குப் பின் நாட்டில் பிறப்போருக்குப் பிறப்புவழிக் குடியுரிமை தந்தது. கூடவே 153ஆம் பிரிவில் மலாய்க்காரரின் சிறப்பு நிலையையும் உறுதிசெய்தது. ஓன் கொள்கையாகக் கேட்டதை அவரை வீழ்த்தியவர்கள் பேரமாகப் பெற்றனர். பேரத்தில் குரலற்றவர்கள் விடுபட்டனர். குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர் பலருக்கு, 1969இல் வேலை அனுமதி கட்டாயமானபோது தமிழகம் திரும்ப நேர்ந்தது.

எனவே, ஒரு கட்சியின் சமவுரிமை நிலைப்பாட்டை அதன் கொள்கை அறிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடலாகாது. யாரைச் சமமாகக் கருதுகிறது என்பதோடு, அந்தச் சமத்துவத்தை யாருடைய வாக்கால், எப்போது நிறைவேற்ற விழைகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மலாயா சுதந்திரக் கட்சி முதற்கேள்விக்குத் தெளிவாக விடை சொன்னது. இரண்டாவதற்கு அது சொன்ன விடை ‘பொறுங்கள்’ என்பதே. வாக்குரிமையை விரைவுபடுத்தப் போராடாத சமத்துவம், ஆள்வோரின் நல்லெண்ணத்தை நம்பியே நிற்கும்.