கசப்பு மரத்தின் கதை

கொயினா மருந்தின் கசப்பை அறியாதவர்கள் நம் பாட்டனார் காலத்தில் அபூர்வம். மலேரியா ஜுரத்துக்கு அன்று அதுதான் கைகண்ட மருந்து. அதைத் தந்த சிங்கோனா மரத்தின் சரித்திரமோ அந்த மருந்தைவிடக் கசப்பானது.

சிங்கோனாவின் பிறந்தகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அதன் விதை வெளியே போவதை அங்குள்ள அரசாங்கங்கள் விரும்பவில்லை. விரும்பாவிட்டால் என்ன? 1860-ல் மார்க்கம் துரையின் ஏற்பாட்டில் ஆங்கிலேயர்கள் விதையும் நாற்றும் திரட்டிக் கப்பலேற்றினார்கள். பிழைத்தவை நம் நீலகிரியில் வேர் பிடித்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போடச் சோலைக் காடுகள் விழுந்தன. நடுவட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த மலை அது. அவர்களை யோசனை கேட்பாருண்டா?

பிறந்த மலையிலும் நியாயம் கிடைக்கவில்லை. பொலிவியாவில் மாமானி என்ற பழங்குடி மனிதர் உயர்ந்த ரக விதைகளைத் தேடி எடுத்துத் தம் எஜமானரான லெட்ஜர் என்னும் ஆங்கில வியாபாரிக்குக் கொடுத்தார். 1865-ல் டச்சுக்காரர்கள் அதில் கொஞ்சம் வாங்கி ஜாவா மலைகளில் விதைத்தார்கள். 1930-களில் உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்தே வந்தது. மாமானிக்குக் கிடைத்த சன்மானம் சிறைவாசமும் அடியும் மரணமுந்தான்.

உலகமயம் என்ற பெயர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே காரியம் இப்படித் தொடங்கிவிட்டது!

ஜாவாவிலும் இலங்கையிலும் பட்டை மலிந்ததும் விலை சரிந்தது. நீலகிரித் தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். பிற்காலத்தில் படுகர்களும் தங்கள் சொந்த நிலத்தில் தேயிலை வைத்தார்கள். அந்தத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கை சோவியத் நாடு. 1991-ல் அந்த நாடே கலைந்து போயிற்று. அந்த வாடிக்கையும் குலைந்தது. சில ஆண்டுகளில் கோத்தகிரிச் சிறு விவசாயியின் பச்சைத் தேயிலைக்குக் கேட்பாரில்லை.

சமவெளிக்காரன் ஒரு பயிர் பொய்த்தால் மறு வருஷம் வேறு பயிர் வைப்பான். மலையில் அது சுலபமல்ல. மழையை வாங்கித் தேக்கி, சிறிது சிறிதாகப் பவானி ஆற்றுக்கு அனுப்பியவை அந்தச் சோலைகள். தேயிலை விலை நாளைக்கே ஏறலாம். வெட்டின சோலை எந்தச் சந்தையிலும் விலைக்கு வராது.