மதுரைச் சுந்தரம் ஐயங்கார் குடும்பத்து வழங்கல் வாணிகம்

பொருளை ஆக்குவோனை உலகம் போற்றும். அதனை வேண்டுவார் இருக்கும் இடத்துக் கொண்டு சேர்ப்போனை அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. வழங்குதல் என்னும் நம் சொல்லோ கொடுத்தலையும் இயங்குதலையும் ஒருங்கே குறிப்பது. இயங்காத சரக்கு வாணிகமாகாது என்பதனை அச்சொல்லே காட்டும். இவ்விதழன்பருள் கடையும் மண்டியும் வைத்து வாழ்வோர் பலராதலின், அத்தகைய வாணிகத்தால் நூறாண்டுக்கு மேல் நிலைபெற்ற ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அது மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் குடும்பமாகும்.

ஐயங்கார் 1877-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த திருக்குறுங்குடியிற் பிறந்தவர். வழக்குரைஞராகத் தொடங்கி, இரயில்வேயிலும் பாங்கியிலும் அலுவல் பார்த்து, அவற்றை விடுத்துத் தாமே தொழில் செய்யத் துணிந்தார். 1911-ஆம் ஆண்டையே அக்குடும்பத்தார் தம் தொழிலின் தொடக்கமாகக் கொள்வர். 1912-ல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது. அவர் பஸ் வரும் நேரம் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்பது பாண்டிநாட்டில் நெடுங்காலம் வழங்கிய பேச்சு. மாட்டு லாடத்தினின்று கழன்று சாலையிற் கிடக்கும் ஆணிகள் டயரைக் கிழிக்குமாதலின், அவற்றைக் காந்தத்தால் வாரியெடுக்க வண்டியொன்று அமைத்தார் என்றும் கூறுவர்.

பெரும்பாலோர் இக்குடும்பத்தைப் பஸ் முதலாளிகள் என்றே நினைவிற் கொண்டுள்ளனர். இளைஞர்க்கோ இருசக்கர வண்டியே நினைவுக்கு வரும். எமக்குத் தோன்றுவது வேறு. பஸ் ஓட்டுவோனுக்கு முதற்பகை உதிரிப்பாகப் பஞ்சம். ஒரு வில் முறிந்தாலும், ஓர் உருளை தேய்ந்தாலும் வண்டி முழுதும் கொட்டகையில் நின்றுவிடும். அச்சிறு பாகமோ அக்காலத்துக் கப்பலேறி வருதல் வேண்டும். முறிவதற்கு முன்னரே வாங்கி அடுக்கி வைத்தவனே குறித்த நேரத்தில் வண்டி விடவல்லான். அங்ஙனம் அடுக்கி வைத்தவனிடத்துப் பிறரும் வந்து கேட்பர். பஸ்ஸும் உதிரிப்பாக வாணிகமும் ஒன்றையொன்று தாங்கிய முறை இதுவேயாம். 1920-களில் மைந்தரையும் சேர்த்துக் குடும்பக் கம்பெனி அமைந்தது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலை தொடங்கினர். அவர்தம் வண்டிகளையும் பாகங்களையும் தென்னாட்டில் விற்ற பெருவணிகர் இக்குடும்பத்தாரே. சுந்தரம் மோட்டார்ஸ், மதராஸ் ஆட்டோ சர்வீஸ் என்பன இவ்வாணிகத்தின் கிளைகள்.

இரண்டாம் உலகப்போரிற் பெட்ரோல் அரிதாயிற்று. வழங்குவோனிடம் வழங்கச் சரக்கில்லையேல் அவன் செய்வது யாது? ஐயங்கார் கரிவாயுக் கருவியைத் தாமே செய்து விற்றார். உருளை வடிவான அடுப்பிலே மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, எழும் வாயுவைக் குளிரச்செய்து, தூசு நீக்கி, எஞ்சினுக்குள் விடுவது அதன் முறை. வலி குறைவு, புகைக்கரி மிகுதி. ஆயினும் வண்டி நின்றுவிடவில்லை. வாங்கி விற்போர் ஆக்கி விற்போராகப் பழகிய முதற்பாடம் இதுவென யாம் கருதுகின்றோம்.

ஐயங்கார் 1955-ல் கொடைக்கானலில் மறைந்தார். கிராமத் தொண்டுக்கெனக் காந்திகிராமம் நிறுவிய சௌந்தரம் அம்மையார் அவர் மகளாராவர். அவரது இறுதிக்காலத்திலேயே வாணிகத்தின் அடிப்படை அசைந்துவிட்டது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடையார்க்கே இடமுண்டு என 1953-ல் சுங்கவரிக் குழு பரிந்துரைக்க, அரசும் அதனை ஏற்றது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடை கட்டின. முதன்மைச் சரக்குடையார் நாட்டைவிட்டே நீங்கினால் வழங்கல் வணிகர் பலர் அழிவர். மைந்தர்கள் அழியவில்லை. டி. எஸ். சந்தானம் 1954-ல் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கி, லாரி வாங்குவோர்க்குத் தவணைக் கடன் கொடுத்தார். பின்னர் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி. வி. எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்பன 1960-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து எழுந்தன. ஆங்கில நிறுவனங்களே பெரும்பாலும் கூட்டாளிகள். சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1966-ல் சென்னைப் பாடியில் திருகாணி செய்யத் தொடங்கிற்று. எப்பாகம் எத்துணை விரைவில் தேயும், எது அடிக்கடி கேட்கப்படும் என்னும் அறிவு கடைப்பலகைக்குப் பின்னின்று பல்லாண்டு பெற்றதன்றோ! தொழிற்சாலைக்கு அதனினும் சிறந்த முதல் யாது?

1970-களின் தொடக்கத்திற் பஸ் வழிகள் நாட்டுடைமையாயின. மதுரையில் இவர்தம் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. குடும்பம் எந்தத் தொழிலாற் பெயர்பெற்றதோ அத்தொழிலே கைநழுவிற்று. வேர் வேறிடத்து ஓடியிருந்தமையால் மரம் சாயவில்லை.

ஒன்றனை விரித்துரைக்க விரும்புகின்றோம். 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் ரேடியேட்டர் மூடி செய்த தன் எந்திரங்களை விற்றது. சுந்தரம் பாஸ்டனர்ஸ் அவற்றை வாங்கிச் சென்னைக்குக் கொணர்ந்து நிறுவி, மூடிகளை அந்நிறுவனத்துக்கே அனுப்பியது. சிறந்த பாகம் வழங்குவோர் என்னும் பரிசையும் பன்முறை பெற்றது. பாட்டனார் எவர் சரக்கை வாங்கி விற்றாரோ, அவர்க்கே பேரர் சரக்கு வழங்கினர்.

இனிப் பாகப்பிரிவினை. நம்மவர் குடும்பங்களிற் பல இச்சொல்லைக் கேட்டவளவில் நடுங்கும். கோர்ட்டு வாயிலில் அழிந்த கடைகள் நாம் அறியாதன அல்ல. ஐயங்கார் குடும்பத்தில் இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்னும் மைந்தர் நால்வர் வழிகளும் தனித்தனி நிறுவனங்களை ஆண்டன. உடைமை மட்டும் தாய்க் கம்பெனி வழியாகப் பின்னிக் கிடந்தது. யார் எதனை நடத்துகின்றனரோ அதனை அவரே உடைமையாகக் கொள்க என்று 2020-ல் உடன்படிக்கை செய்து, கம்பெனித் தீர்ப்பாயத்தின் இசைவு பெற்று, 2022-ல் நிறைவேற்றினர். மூன்றாம் தலைமுறையும் நான்காம் தலைமுறையும் இருக்கையிலேயே இது முடிந்தது. உரிமையும் உழைப்பும் ஒருவர்பாலே சேர்ந்தமையால் இதனைப் பிளவு என்பதினும் கணக்குத் தீர்த்தல் என்பதே பொருந்தும்.

பழைய வழங்கல் வாணிகத்தின் ஒரு பகுதி இராஜம் வழியினர்க்கு உரியதாயிற்று. பாகங்களைச் சேமித்தும் ஏற்றியும் இறக்கியும் பிற நிறுவனங்களுக்காக நாடுகள் பலவற்றில் தொழில் புரியும் அவர்தம் டி. வி. எஸ். சப்ளை செயின் சொல்யூஷன்ஸ் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பங்குச் சந்தைக்கு வந்து, பொதுமக்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது.