சாந்தினி சௌக்கில் ஒரு சனிக்கிழமை

டில்லிக்கு வந்து பதினெட்டு வருஷமாச்சு. ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்கலாமா என்று போன மாதம் வீட்டில் பேச்செடுத்தேன். "அது உங்க ஊருப்பா, என் ஊர் இது" என்றாள் மகள். சுருக்கென்றது. சரி, உன் ஊரைக் காட்டு பார்க்கலாம் என்று போன சனிக்கிழமை இருவரும் பழைய டில்லிக்குக் கிளம்பினோம். (ஞாயிறன்று போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்!)

ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற ஷாஜகான் 1639-ல் கட்டத் தொடங்கிய நகரம் இது. செங்கோட்டைக்கு எதிரே நீளும் இந்தக் கடைவீதியை 1650 வாக்கில் அமைத்தவர் அவர் மகள் ஜஹானாரா. அன்று நடுவில் கால்வாய் ஓடியது, ஒரு குளமும் இருந்தது. தண்ணீரில் நிலா தெரிந்ததால்தான் இந்தப் பெயர் என்பார்கள். இன்று இரண்டுமே இல்லை. 2021-ல் தெருவுக்குக் கல் பாவி, பகலில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். கொஞ்சம் நிம்மதியாக நடக்க முடிகிறது.

வழியில் ஸீஸ்கஞ்ச் குருத்வாரா. 1675-ல் குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடம். அதை ஒட்டியே சுனேரி மசூதி. 1739-ல் நாதிர்ஷா ஊரையே வெட்டச் சொல்லிவிட்டு இங்கேதான் உட்கார்ந்திருந்தானாம். தெருக்கோடியில் ஃபதேபுரி மசூதி. 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் இதை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் லாலா சுன்னாமல் என்ற இந்து வியாபாரி. அவர் இடிக்காமல் வைத்திருந்தார். 1877-ல் மசூதி மறுபடி முஸ்லிம்கள் கைக்கு வந்தது.

அதைத் தாண்டினால் காரி பாவ்லி, மசாலாச் சந்தை. மிளகாய் நெடியில் இருவருக்கும் தும்மலான தும்மல். மஞ்சள் விலை கேட்டேன். "இரோட் கி ஹல்தி" என்று பெருமையாகச் சொன்னார் கடைக்காரர். நம்ம ஈரோடுதான்! அரை கிலோ வாங்காமல் வர மனசில்லை.

கடைசியாக பல்லிமாரான் சந்தில் மிர்சா காலிப் வாழ்ந்த வீடு. ஆக்ராவில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு சின்ன வயதிலேயே டில்லிக்கு வந்தவர். கடைசிவரை சொந்த வீடு கிடையாது, வாடகை வீடுதான். 1857-ல் ஊரே சிதறி ஓடியபோதும் அவர் போகவில்லை. தம்பியை இழந்தார், பென்ஷன் நின்றது. அப்படியும் 1869-ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். இன்று டில்லி என்றதும் சொல்கிற முதல் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

"அப்போ அவரும் நம்மள மாதிரி வெளியூரா?" என்றாள் மகள்.

"ஆமா" என்றேன். அவள் 'நம்மள' என்று சொன்னதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றல் விண்ணப்பம் இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. சாம்பாருக்கு அந்த மஞ்சள்தான் இப்போது.