அதிகாரம் எட்டாத இடங்கள்: ஜின்னி தார்ன்பர்க்கின் பணியும் விழுப்புரம் வட்டாரமும்

அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். ஏறக்குறைய நம் முதலமைச்சரைப் போன்றவர். பென்சில்வேனியாவில் 1979 முதல் 1987 வரை அப்பதவியில் இருந்தவர் டிக் தார்ன்பர்க். அவருடைய மனைவி ஜின்னி மாற்றுத்திறனாளிகளுக்கு ஆற்றிய பணியை ஆளுநர் மாளிகையின் கொடையாகக் காண்பது எளிது. அப்பணியின் வலுவான பகுதிகள் மாளிகைக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். திண்டிவனமும் விழுப்புரமும் அவரிடம் கற்க வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

1960இல் ஒரு கார் விபத்தில் டிக்கின் முதல் மனைவி இறந்தார். கைக்குழந்தையாக இருந்த கடைசி மகன் பீட்டருக்கு மூளையில் கடுங்காயம். 1963இல் டிக்கை மணந்த ஜின்னி மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். பீட்டரை வளர்த்த அனுபவமே அவரைப் பெற்றோர் சங்கத்துக்கு இழுத்து வந்தது. அந்தச் சங்கம் 1971இல் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்து, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பொதுக்கல்வி உண்டு என்பதை நிலைநாட்டியது. அத்தகையோரை வைத்திருந்த மூடிய அரசு இல்லங்களுக்குள் சென்று பார்ப்பதும் அச்சங்கத்தாரின் வேலை. ஜின்னி பயின்ற பள்ளி அதுதான்.

ஆளுநர் மாளிகையின் செல்வாக்குக்கு உள்ள எல்லையைப் பென்ஹர்ஸ்ட் வழக்கு காட்டுகிறது. ஆயிரக்கணக்கானோரை நெருக்கி அடைத்திருந்த, அத்தகைய ஓர் அரசு இல்லம் பென்ஹர்ஸ்ட். அங்கிருப்போரை ஊருக்குள் குடியமர்த்தக் கீழ்நீதிமன்றம் இட்ட ஆணையை எதிர்த்து, தார்ன்பர்க் ஆட்சிக்காலத்திலும் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. பின்னர் உடன்பாடு ஏற்பட்டு, 1987இல் இல்லம் மூடப்பட்டது. பரிவுள்ள ஒருவர் ஆளுநரின் வீட்டில் இருப்பதனாலேயே அரசு இயந்திரம் திசை மாறிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்காக, அப்போது தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த டிக் பாடுபட்டார். ஆனால் பொது இடங்களுக்கான விதிகளிலிருந்து அச்சட்டம் வழிபாட்டு நிறுவனங்களுக்கு விலக்களித்தது. ஜின்னி தம் பிற்கால உழைப்பைச் செலுத்தியது சரியாக அந்த இடத்தில்தான். தேசிய ஊனமுற்றோர் அமைப்பில் சமயத் திட்டத்தை நடத்தினார். தேவாலயங்களும் யூதக் கோயில்களும் சாய்தளமும் சைகைமொழியும் வரவேற்பும் தரவேண்டும் என்று விளக்கும் கையேட்டை 1992இல் கொண்டுவந்தார். கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் வழிபடுவோரின் மனச்சான்றோடு பேசினார். அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்வது இந்தத் தேர்வுதான்.

நம் நிலை நேர்மாறானது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் வரையறையிலேயே சமயப் பயன்பாட்டையும் சேர்த்திருக்கிறது. இருக்கும் கட்டடங்களைத் திருத்த விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் வந்தது 2017இல். ஆக, மேல்மலையனூர் அங்காளம்மனை அமாவாசை இரவில் தரிசிக்க வரும் சக்கர நாற்காலிப் பக்தருக்கும், மயிலம் குன்றுக்கு வரும் பார்வையற்ற முருகபக்தருக்கும் சட்டம் ஏற்கெனவே துணைநிற்கிறது. கருணையால் தூக்கிச் செல்லும் நான்கு கைகள் அந்த உரிமைக்கு ஈடாகா. தூக்குபவர் வராத நாளில் பக்தர் வாசலிலேயே நிற்க வேண்டும்.

கோயிலைவிட அவசரமானது மூடிய இல்லம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு தனியார் காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். துன்புறுத்தல் புகார்கள் எழுந்தன. அங்கே சேர்க்கப்பட்டிருந்த ஒருவரை உறவினர் தேடிச் சென்றபோது அவர் அங்கே இல்லை என்பதிலிருந்தே செய்தி வெளிப்பட்டது. சட்டம் இருந்தும், உள்ளே சென்று பார்க்க உரிமை பெற்ற வெளியார் கண் இல்லாததே இங்கு அடிப்படைக் குறை என்று கருதுகிறேன்.

இக்குறையை நீக்க ஒரு வாய்ப்பு உண்டு. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்களைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. திண்டிவனம், விழுப்புரம் நகராட்சிகளில் அமரும் அவ்வுறுப்பினர்களுக்கு, பெற்றோர் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டு, முன்னறிவிப்பின்றிக் காப்பகங்களுக்குள் செல்லும் அதிகாரமும், கோயில் திருப்பணி வரைபடங்களை ஆய்ந்து கருத்துரைக்கும் அதிகாரமும் எழுத்தில் தரப்பட வேண்டும்.