ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா? நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

நெய்வேலியில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்க பண்றாங்க? என்.எல்.சி. ஆஸ்பத்திரியா, கடலூரா, ஜிப்மரா?" என்பதுதான். அடுத்தது, "எந்த டாக்டர் பண்றாரு?" ஆனால், "மயக்க மருந்து கொடுக்கப்போவது யார்?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி அது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

ஊசி போட்டதும் வேலை முடிந்துவிடுமா?

இல்லை. அங்கேதான் வேலை தொடங்குகிறது. முழு மயக்கத்தில் இருப்பவருக்கு பெரும்பாலும் சுவாசத்தையே அந்த டாக்டர்தான் பார்த்துக்கொள்கிறார். பிபி, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாம் அவர் கண்காணிப்பில்தான் இருக்கும். மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராபி கருவி, மூச்சுக்குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை உடனே காட்டிவிடும். நோயாளி கண் விழித்து, தானாக மூச்சுவிட்டு, நிலை சீராகும்வரை பொறுப்பு அவருடையது.

2020 விபத்தும் மூச்சுக்குழாயும்

2020 ஜூலை 1-ம் தேதி நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து 6 தொழிலாளர்கள் அங்கேயே இறந்ததை இந்த ஊர் மறக்காது. தீக்காயமடைந்தவர்கள் முதலுதவிக்குப் பின் சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் உயிரிழந்தனர்.

பொதுவாகவே இப்படிப்பட்ட விபத்துகளில் மயக்கவியல் டாக்டரின் வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியிலேயே தொடங்கிவிடும். சூடான புகையை சுவாசித்தவருக்கு தொண்டை சில மணி நேரத்தில் வீங்கி, மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளலாம். வீங்கிய பிறகு குழாய் செலுத்துவது மிகவும் கடினம். அதனால், ஆபத்து இருப்பவருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்பே குழாய் செலுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும். தொழிற்சாலை ஊர்களில் இந்த டாக்டர்கள் ஏன் முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

"ஒரு டீ தானே, என்ன ஆகப்போகுது?"

ஆபரேஷன் அன்று காலை வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. மயக்கத்தில் இருமும் அனிச்சை வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவான கணக்கு இதுதான்:

* பிரியாணி, பொரித்தது போன்ற கொழுப்பு உணவு: 8 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும்
* இட்லி போன்ற லேசான உணவு, பால், பால் கலந்த டீ, காபி: 6 மணி நேரம்
* குழந்தைக்குத் தாய்ப்பால்: 4 மணி நேரம்
* வெறும் தண்ணீர்: 2 மணி நேரம்

உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

எடை குறைக்கும் ஊசி போடுகிறீர்களா?

இது புதிய சிக்கல். சர்க்கரைக்கும் எடை குறைப்புக்கும் போடப்படும் செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். 8 மணி நேரம் பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கலாம். வாரம் ஒருமுறை போடும் ஊசியை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தலாம் என்று அமெரிக்க மயக்கவியல் டாக்டர்கள் சங்கம் 2023-ல் கூறியது. 2024-ல் வந்த அடுத்த வழிகாட்டுதலோ, எல்லோருக்கும் ஒரே விதி வேண்டாம், ஆளைப் பொறுத்து முடிவெடுங்கள் என்கிறது. எனவே நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது.

முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலியா?

சிசேரியன் செய்த பெண்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரலாம், அதற்கு சிகிச்சை உண்டு. ஆனால் பல ஆண்டுகள் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்ப காலத்தில் முதுகுக்கு ஏற்படும் சுமை, குழந்தையைக் குனிந்து தூக்குவது எல்லாமே காரணமாக இருக்கலாம்.

போதுமான டாக்டர்கள் இருக்கிறார்களா?

1 லட்சம் மக்களுக்கு குறைந்தது 5 மயக்கவியல் நிபுணர்கள் வேண்டும் என்கிறது உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு. இந்தியா அந்த அளவை எட்டவில்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெரிய நகரங்களில்தான். சிறிய ஊர்களில் ஒரே டாக்டர் பல ஆஸ்பத்திரிகளுக்கு ஓடுகிறார். அவசர சிசேரியனுக்காகவே எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்ததும் இந்தப் பற்றாக்குறையால்தான்.

இந்த ஓட்டத்தில்தான் நோயாளிக்கு ஆபத்து. அடுத்த ஆஸ்பத்திரியில் கேஸ் காத்திருக்கிறது என்பதற்காக, ஒருவர் முழுதாக விழிக்கும் முன்பே டாக்டர் கிளம்பிவிடக் கூடாது.

அட்மிட் ஆகும் முன் கேளுங்கள்

1. மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே சந்திக்க முடியுமா?
2. ஆபரேஷன் முடியும்வரை அவர் கூடவே இருப்பாரா?
3. முடிந்த பிறகு யார் கண்காணிப்பார்கள்?

அவரிடம் சொல்லுங்கள்

ஆஸ்துமா, குறட்டை, தூசியில் வேலை, சிகரெட், மது, ஆடும் பல், மருந்து அலர்ஜி, சாப்பிடும் எல்லா மாத்திரைகள், முன்பு மயக்க மருந்தில் உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ வந்த பிரச்சினை. எதையும் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். தூங்கிய பிறகு உங்களால் எதையும் சொல்ல முடியாது. முன்பே சொன்னதை வைத்துத்தான் அவர் உங்களைப் பார்த்துக்கொள்வார்.