தஞ்சாவூர் மாத்திரையும் பாங்காக் மாத்திரையும்

எங்கள் திருநின்றவூரில் மூட்டு வலி இல்லாத மூத்த குடிமகனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே வெளிநாடு போய் வருகிறவர்களின் பெட்டியில் தைலமும் மாத்திரையும் தவறாமல் இருக்கும். சமீபத்தில் பாங்காக் சுற்றுலா போய் வந்த நண்பர் ஒருவர் ‘நாக விஷ மாத்திரை’ என்று ஒரு டப்பாவைக் காட்டினார். மேலே படமெடுத்த நாகம். தயாரித்தவர் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பாம்பின் பெயரைச் சொல்லி மருந்து விற்பது புதிய தொழில் அல்ல. ஒரு காலத்தில் வெளிநாட்டார் நம்மிடம் வாங்கினார்கள். கடித்த இடத்தில் வைத்தால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்லி, இந்தியாவிலிருந்து ‘பாம்புக் கல்’ ஐரோப்பாவுக்குப் போனது. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று 1671இல் எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில் புகழ் பெற்றது ‘தஞ்சாவூர் மாத்திரை’. நம் நாட்டு வைத்தியர்கள் பாம்புக்கடிக்குக் கொடுத்த மருந்து இது. கும்பெனி அதிகாரிகளும் பாதிரிமார்களும் இதை நம்பினார்கள். ஐரோப்பிய மருத்துவ நூல்களிலும் இடம் பிடித்தது. உள்ளே இருந்தவற்றில் வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு ஆகியவை அடக்கம். பாம்பு விஷத்துக்குத் தப்பியவன் மாத்திரைக்கும் தப்ப வேண்டும்!

இதைச் சோதிக்க முன்வந்தவர் கிழக்கிந்தியக் கும்பெனியில் வேலை பார்த்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் பெரிய நூல் வெளியிட்டவர். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. நாய்களையும் கோழிகளையும் பாம்பு கடிக்கச் செய்து, மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நம்பி உயிரை ஒப்படைக்கும்படியான முடிவு கிடைக்கவில்லை.

அப்படியானால் இத்தனை புகழ் எப்படி வந்தது? கடிக்கிற பாம்பெல்லாம் விஷப் பாம்பு இல்லை. விஷப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. தானாகப் பிழைக்க வேண்டியவன் பிழைக்கிறான். பெயர் மருந்துக்குப் போகிறது. எங்கள் அலுவலக பாஷையில் சொன்னால், வரவைத் தவறான தலைப்பில் எழுதிவிடுகிறோம். மூட்டு வலியும் அதே மாதிரிதான். ஒரு மாதம் படுத்தும், ஒரு மாதம் தானே தணியும். தணிந்த மாதத்தில் எந்த மாத்திரை விழுங்கினோமோ, அது சஞ்சீவி ஆகிவிடுகிறது.

விஞ்ஞானம் வந்த பிறகும் எச்சரிக்கை தேவைப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அல்பேர் கால்மெத் என்ற பெயர் பழக்கம். காசநோய்க்குத் தோளில் போட்டுக்கொண்டோமே பி.சி.ஜி., அதன் நடு எழுத்து அவர்தான். எங்கள் வாத்தியார் ‘பே சே ஜே’ என்பார். 1891இல் சைகோனில் பாஸ்தர் ஆய்வகத்தைத் தொடங்கிய கால்மெத், அங்கே ஒரு கிராமத்தில் வெள்ளத்தோடு நாகங்கள் புகுந்து ஆட்களைக் கடித்ததைத் தொடர்ந்து விஷ ஆராய்ச்சியில் இறங்கினார். பிரான்சு திரும்பி, குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரித்தார். அது எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்றும் நம்பினார். ஆனால் பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் என்ற மருத்துவர், நாக விஷத்துக்கு எதிராகச் செய்த அந்த மருந்து கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்காது என்று காட்டினார். உண்மையான மருந்துக்கே அந்தந்த மண்ணில் சோதனை வேண்டியிருந்தது.

இன்று நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாராகிறது. அதற்கு விஷம் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பாம்பு பிடிக்க முடியாது. சில வாரங்கள் மண்பானையில் வைத்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும்.

“விஷத்திலிருந்து நிஜமாகவே மருந்து வருகிறதே” என்று கேட்பீர்கள். வருகிறது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் இரத்த அழுத்தத்துக்கான காப்டோப்ரில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்க ஏற்றும் டைரோஃபைபான், சுருட்டை விரியன் விஷத்தின் ஒரு பொருளைப் பார்த்து உருவாக்கியது. இரண்டிலும் ஒரு துளி விஷம் கிடையாது. அந்தப் பொருளின் அமைப்பைக் கற்றுக்கொண்டு, ஆய்வகத்தில் செய்து, அளவு கண்டு, பல வருடம் சோதித்தவை.

டப்பா மாத்திரைக்கு இந்தச் சரித்திரம் எதுவும் இல்லை. பாம்பு விஷம் பெரும்பாலும் புரதம்; விழுங்கினால் பருப்பைப் போல வயிற்றில் செரித்துப் போகும். பிறகு வலி இரண்டே நாளில் பறந்தது என்றால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். மூட்டு வலிக்கென வெளிநாடுகளில் வாங்கிய பதிவு பெறாத மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு வலியை உடனே அடக்கும். கூடவே சர்க்கரையை ஏற்றும், முகத்தை உப்ப வைக்கும், எலும்பை அரிக்கும்.

இன்னும் தொடாதவர்கள் தொட வேண்டாம். மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக, தினம் எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.