காபுரேற்றரிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டி வரை: கொழும்பின் வான் திருத்தத் தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வான் என்பது வெறும் ஊர்தியன்று. பல குடும்பங்களின் முதலீடும் வருவாயும் அதுவே. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் கடைச் சரக்கு, வார இறுதியில் திருமண வீட்டார் என அதன் உழைப்பு ஓய்வதில்லை. அத்தகைய வான் ஒன்று நடுவழியில் நின்று, திருத்துநர் மூடியைத் திறந்து பார்த்து, ‘கொம்பியூட்டர் போய்விட்டது’ என்று கூறுவாராயின், உரிமையாளருக்கு அது ஒரு மரணச் செய்தியை ஒத்தது. அவர் கூறும் ‘கொம்பியூட்டர்’, இயந்திரத்தின் எரிபொருளையும் எரிபற்றலையும் ஆளும் இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகாகும். இத்தீர்ப்பு பல வேளைகளில் பிழையானது. அப்பிழை தனிப்பட்ட திருத்துநரின் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. நாட்டின் இறக்குமதி வரலாறு அத்தொழிலுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்திலேயே அதன் வேர் உள்ளது.

1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி மோட்டார் வாகன இறக்குமதியைக் கடுமையாகச் சுருக்கிற்று. 1970 முதல் 1977 வரை அந்நெருக்குதல் மேலும் இறுகியது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் வொக்ஸ்வாகனும் தம் ஆயுளைக் கடந்தும் ஓடவேண்டியிருந்தன. பாகம் வாராத காலத்தில் பாகத்தைச் செய்வதே வழி. கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவனே அக்காலப் பட்டறையின் தலைமகன் எனலாம். 1959இல் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் தொடங்கப்பெற்ற இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் முறையான கல்வியை அளித்ததாயினும், பெரும்பாலோர் கற்றது குருவின் பக்கத்தில் நின்றுதான். காபுரேற்றரின் குற்றத்தை ஒலியாலும், எரிபற்றலின் குற்றத்தைத் தீப்பொறியின் நிறத்தாலும் அறிந்தனர். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத பாகம் எதுவும் அன்றைய இயந்திரத்தில் இல்லை.

1977இன் இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இந்நிலை தலைகீழாயிற்று. யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வான்கள் ‘ரீகண்டிஷன்’ என்னும் பெயருடன் கப்பல்களில் வந்திறங்கின. ரொயோட்டா ஹையேஸ், லைற்ஏஸ், நிசான் வனற் முதலியன வீதிகளை நிறைத்தன. அவற்றுடன் அங்கு கழற்றப்பட்ட பழைய பாகங்களும் வந்தன. மருதானைக்கும் ஆமர் வீதிக்கும் இடையே, கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் உள்ள பஞ்சிகாவத்தை, அப்பாகங்களின் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. பழுதானதைச் செப்பஞ் செய்வதிலும் பார்க்கக் கழற்றி எறிந்து வேறொன்றைப் பூட்டுவது மலிவாயிற்று. ‘மாற்றிப் பார்’ என்பது திருத்தத்தின் முதல் விதியாகியது. இயந்திரப் பாகங்களைப் பொறுத்தவரை அவ்விதியில் பெருங்குறை இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இலங்கையர் ‘டொல்பின்’ என்று செல்லமாக அழைத்த ஹையேஸ் வகையில் பெரும்பாலானவை பொறிமுறைப் பம்பியுடன் கூடிய டீசல் இயந்திரத்தைக் கொண்டிருந்தமையால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிக்கல் அவற்றின் உரிமையாளரை நெடுங்காலம் அணுகவில்லை.

ஆனால் உலகம் வேறு திசையிற் சென்றுகொண்டிருந்தது. 1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் இலத்திரனியல் முறையிற் பெற்றோல் உட்செலுத்தும் அமைப்பை வொக்ஸ்வாகன் காரிற் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. 1970களில் ரொயோட்டாவும் அவ்வழியைப் பின்பற்றியது. 1980களில் எரிபொருள், எரிபற்றல் ஆகிய இரண்டையும் ஒரே நுண்செயலி ஆளத் தொடங்கிற்று. அக்காலப் பெட்டிகள் தம் குற்றத்தைத் தாமே கூறவும் வல்லனவாயிருந்தன. ரொயோட்டா வாகனத்தின் சோதனைச் செருகியில் டீஈ1, ஈ1 என்னும் இரு முனைகளையும் சிறு கம்பித் துண்டால் இணைத்தால் முகப்பு விளக்கு கண்சிமிட்டும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு சிமிட்டல் எனின் அது 22ஆம் எண். குளிர்நீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சரின் சுற்றிற் குற்றம் என்பது பொருள். இங்கு ‘சுற்று’ என்ற சொல்லே நோக்கற்பாலது. குற்றம் சென்சரிலும் இருக்கலாம், கம்பியிலும் இருக்கலாம், செருகியின் களிம்பிலும் இருக்கலாம். எண்ணைக் கண்டவுடன் பாகத்தை வாங்க ஓடியவர்கள் இவ்வேறுபாட்டைக் கவனித்திலர்.

பெட்டியின் மீது வீண்பழி விழுந்ததற்கு எரிபொருளும் ஒரு காரணம். யப்பானில் 1970களிலேயே சாதாரணப் பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டுவிட்டது. இலங்கையிலோ ஈயம் கலந்த பெற்றோல் 2002இலேதான் கைவிடப்பட்டது. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சருக்கு ஈயம் நஞ்சு. ஈயமற்ற பெற்றோலுக்கென அமைந்த இயந்திரம் ஈயப் பெற்றோலைக் குடித்தபோது சென்சர் செயலிழந்தது. பிழையான செய்தியைப் பெற்ற பெட்டி பிழையான அளவில் எரிபொருளை விட்டது. பொய்ச்சாட்சி கேட்டுத் தீர்ப்பளித்த நீதிபதியின் நிலை அதற்கு!

2004இல் யப்பானில் வெளியாகி இங்கு ‘கேடிஎச்’ என்று பெயர்பெற்ற ஹையேஸுடன் டீசல் வானும் இலத்திரனியலுக்கு முற்றாக உட்பட்டது. பொதுக்குழாய் முறை எனப்படும் அதன் எரிபொருள் அமைப்பில், உயர் அமுக்கத்திலுள்ள டீசல் எந்தக் கணத்தில், எவ்வளவு உட்செல்லவேண்டும் என்பதைப் பெட்டியே கணிக்கிறது. போர் முடிந்து ஏ9 வீதி மீண்டும் திறந்தபின் வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவோடிரவாகச் சென்று மீண்ட வான்களிற் பல இவ்வகையின. அவை நின்றால் ஸ்கேனர் கருவி வேண்டும். ஸ்கேனரும் எண்ணைத்தான் கூறும், காரணத்தைக் கூறாது.

முறையான சோதனை எளிய இடத்தில் தொடங்குவது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? எரியாவிடின் பெட்டிக்கு மின்னூட்டம் செல்கிறதா என முதலிற் பார்க்கவேண்டும். பற்றரியின் அழுத்தம், உருகி, மின்னூட்டும் ரிலே, உடற்சட்டத்துடன் இணையும் ஏர்த் கம்பி ஆகியவை வரிசையாகச் சோதிக்கப்படவேண்டும். ஏர்த் முனையின் துருவொன்றே பெட்டி இறந்தது போன்ற தோற்றத்தைத் தரவல்லது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இது புதுமையன்று. அடுத்துப் பெட்டி தன் சென்சர்களுக்கு வழங்கும் 5 வோல்ற்று அழுத்தம். பல சென்சர்கள் அவ்வொரே வழங்கலைப் பகிர்வதால், அவற்றுள் ஒன்று உட்குறுக்குச் சுற்றுற்றாலும் அழுத்தம் முழுவதும் வீழும், வான் கிளம்பாது, ஸ்கேனருக்கும் பெட்டி பதிலளிக்காதிருக்கலாம். சென்சர்களின் செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே அளந்தால், எதனைக் கழற்றியதும் 5 வோல்ற்று மீள்கிறதோ அதுவே குற்றவாளி. ஒரு மல்ரிமீற்றரும் அரைமணி நேரப் பொறுமையுமே இதற்குத் தேவை. பெட்டியை மாற்றும் செலவுடன் இதனை ஒப்பிடுவது நகைப்புக்குரியது.

பெட்டி பழுதாவதே இல்லை என்பதன்று. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த யப்பானிய பெட்டிகள் சிலவற்றில், கொள்ளளவிகளிலிருந்து மின்பகு திரவம் கசிந்து அச்சிட்ட சுற்றின் செப்புத் தடங்களை அரித்தது. திறந்தால் மீன் நாற்றம் வீசும் என்பர். இப்பழுதுக்கு மருந்து பஞ்சிகாவத்தையில் இல்லை. இலத்திரனியற் பொருள்கள் விற்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிற் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கொள்ளளவிகளும் சூட்டுக்கோலுமே போதும். 2016 மே மாத வெள்ளம் போன்ற வேளைகளில் நீர் புகுந்த பெட்டிகளுக்கு இவ்வளவு எளிதான மீட்சி இல்லை.

உண்மையிலேயே மாற்றவேண்டி வரும்போதுதான் பழைய விதியின் எல்லை தெரிகிறது. ரொயோட்டாவின் இயந்திரப் பெட்டிகளில் 89661 எனத் தொடங்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் பின்வரும் இலக்கங்களும் ஒத்திருக்கவேண்டும். கைக் கியர் வானின் பெட்டி தானியங்கிக் கியர் வானுக்குப் பொருந்தாது. எண் ஒத்தாலும், திருட்டுத் தடுப்பு அமைப்புடைய வானில் வேற்றுப் பெட்டி அவ்வானின் சாவியை அறியாது. இயந்திரம் கிளம்ப மறுக்கும். அன்றியும், ஒவ்வோர் உட்செலுத்தியின் நுண்ணிய வேறுபாட்டையும் குறிக்கும் எண்கள் பல டீசற் பெட்டிகளிற் பதியப்பட்டுள்ளன. ஆகவே பழைய பெட்டியின் நினைவகத்திலுள்ள தரவைப் படித்துப் புதியதில் எழுதவேண்டும். கொழும்பிற் சில இளைஞர் மடிக்கணினி கொண்டு இதனையே தனித்தொழிலாகச் செய்கின்றனர். கிறீஸ் படியாத கையுடன் வருபவரைப் பழைய மேசன்மார் முதலில் ஏளனமாக நோக்கியதும், பின்பு தொலைபேசியில் அழைத்ததும் இயல்பே.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இன் நெருக்கடியிற் செலாவணி முற்றாக வற்றியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. அவ்வைந்து ஆண்டுகளில் பழைய கேடிஎச் ஒன்றின் விலை, அது புதிதாய் வந்திறங்கிய நாளின் விலையை விஞ்சியது. வானை விற்றுவிட்டு வேறு வாங்குவோம் என்ற பேச்சுக்கு இடமில்லாது போயிற்று. பட்டறைகள் மீண்டும் 1970களின் நிலைக்குத் தள்ளப்பட்டன. கடைசல் இயந்திரம் நின்ற மூலையில் இம்முறை உருப்பெருக்கிக் கண்ணாடியும் சூட்டுக்கோலும் மடிக்கணினியும் இடம்பிடித்தன. திறந்த பெட்டியின் மீது குனிந்திருந்தவர் அரித்த தடமொன்றுக்குத் தலைமயிரினும் மெல்லிய கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.